தன் கூடையில் போட்ட பந்து

என் வீட்டுக்காரரைக் கல்லூரியில் ‘ஏணி’ என்று கூப்பிட்டார்கள். பிறகு கம்பெனியிலும் அதுவே பெயராகிவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது கதவைத் தட்டினால் அது தபால்காரராகத்தான் இருக்கும். கல்யாணத்தன்று அவர் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, “ஏணிக்குப் பக்கத்துல யாரோ ஸ்டூலைக் கொண்டுவந்து வச்சிட்டாங்கப்பா” என்று சொன்ன புண்ணியவானை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அத்தனை உயரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஒளிந்து வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். குரூப் போட்டோ என்றால் ஓரத்துக்குப் போய் முழங்காலை மடக்கிக்கொள்வார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினால் இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழைய ஆட்டக்காரர் யாராவது “டேய் ஏணி!” என்று தோளைத் தட்டினால் முதலில் முகத்தில் பயம் வரும். அப்புறம் ஒரு சிரிப்பு வரும். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறும் சிரிப்பு. ‘எனக்கு எல்லாம் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்’ என்கிற சிரிப்பு. அதற்குப் பின்னால் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்தது வெறும் மறதி. எனக்கு அது தெரியவருவதற்குள் எங்கள் மகளே கல்லூரிக்குப் போய்விட்டாள். உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பட்ட பாடு நீங்கள் பட வேண்டாம்.

அவருடைய அப்பா தையல்காரர். மகனுக்குப் பேன்ட் தைக்கும்போதே கீழே ஒரு சாண் துணியை உள்ளே மடித்துவிட்டுத்தான் தைப்பாராம். அடுத்த தடவை பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்த மடிப்பும் தீர்ந்துபோகும். கல்லூரியில் சேர விண்ணப்பம் வாங்குகிற வரிசையில், எல்லாத் தலைக்கும் மேலே ஒரு தலை தெரிவதைப் பார்த்துவிட்டு உடற்பயிற்சி ஆசிரியர் ஓடிவந்து கையைப் பிடித்திருக்கிறார். “நான் பாஸ்கெட்பால் தொட்டதே இல்ல சார்” என்றிருக்கிறார் இவர். “பரவாயில்ல, நீ சும்மா நின்னாலே போதும், பந்து தானா வந்து கையில விழும்” என்றாராம் அவர்.

பந்து தானாக வந்து விழவில்லை. விழவைத்தவர் கேப்டன். அவரும் இவரும் ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. கேப்டன் இவர் தோள் உயரம்தான் இருப்பார். காலும் வேகம், வாயும் வேகம். அவர் பந்தை உயரே தூக்கிப் போடுவார், இவர் எட்டிப் பிடித்துக் கூடையில் வைப்பார். யோசிக்கிற வேலை கேப்டனுடையது, எட்டுகிற வேலை இவருடையது. பரீட்சைக்கு முன்னால் பாடத்தைச் சுருக்கிச் சொல்லிக்கொடுப்பதும் கேப்டன்தான். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே மாத்திரை கொடுப்பதும் அவர்தான். “அவன் இல்லாம நான் விடுதியிலேர்ந்து மைதானத்துக்கு வழி கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்” என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை என்னிடம் சொன்னார். நான் அதை வேடிக்கைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

கடைசி வருஷம் கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டியில் இவர்கள் அணி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. முதல் பாதியில் இவர்தான் ராஜா. கேப்டன் போடப்போட இவர் எடுத்து எடுத்து வைத்திருக்கிறார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இவருடைய ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து வாயைப் பிளந்துகொண்டது. இவர் கால் அளவுக்குக் கடைகளில் ஷூவே கிடையாது. யாரோ கழித்துப்போட்டதைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் இடைவேளையில் மைதானத்தில் நின்று பந்தை எறிந்து உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து சணல் கயிற்றால் ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தார். விசில் கேட்டதும் ஓடிவந்து நடுவட்டத்தில் நின்றுகொண்டார்.

பாஸ்கெட்பாலில் இடைவேளை முடிந்ததும் இரண்டு அணிகளும் கூடைகளை மாற்றிக்கொள்ளும். முதல் பாதியில் எந்தக் கூடையில் பந்து போட்டார்களோ, இரண்டாம் பாதியில் அதைக் காக்க வேண்டும். விளையாட்டே தெரியாத எனக்குக்கூட இப்போது இது தெரியும். நடுவர் பந்தை மேலே எறிந்தார், பந்து இவர் கைக்கு வந்தது, இவர் ஓடினார். யாரும் குறுக்கே வரவில்லை. பின்னால் தன் அணிக்காரர்கள் “டேய்! டேய்!” என்று கத்தியதை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக ஓடியதில்லையாம். எம்பிப் போய்ப் பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கேப்டனைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்.

தன் கூடையிலேயே தெரியாமல் பந்து போட்டுவிட்டால் அந்தப் பாயின்ட் எதிரணிக் கேப்டனின் பெயரில் சேரும், அது விளையாட்டின் சட்டம். வேண்டுமென்றே போட்டால் செல்லாது. நடுவர் பாயின்ட் கொடுத்தார். கடைசியில் இவர்கள் அணி ஒரே ஒரு பாயின்டில் தோற்றது.

தோற்றதைவிட மற்றவர்கள் சிரித்ததைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. அரங்கம் முழுக்கச் சிரித்திருக்கிறது. எதிரணிக்காரன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டானாம். ஆட்டம் முடிந்ததும் இவர் ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். வெளியே நடைபாதையில், “இவ்வளவு பெரிய உடம்புக்கு மூளை எங்கேயிருந்து வரும்” என்று ஒருத்தன் சொல்ல, இன்னொருத்தன், “அவனா முட்டாள்? சரியான அமுக்குணிடா அவன். நல்லா வாங்கிக்கிட்டு மேட்சை வித்திருப்பான்” என்றான். உடுத்த எதுவும் இல்லாமல் நிற்கிறவன்மேல் யாரோ ஒரு துண்டை எறிந்த மாதிரி இருந்தது என்றார் என்னிடம். அந்தத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அவிழ்க்கவே இல்லை.

பேச்சு பரவியதும் கல்லூரி முதல்வர் விசாரணை வைத்தார். முதலில் கேப்டனைக் கூப்பிட்டார். “வேணும்னு போட்டிருந்தா ரெஃப்ரி பாயின்டே குடுத்திருக்க மாட்டார் சார். அவன் அப்படிப்பட்டவன் இல்ல, எங்கம்மா மேல சத்தியம்” என்று கேப்டன் அடித்துச் சொல்லியிருக்கிறார். வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்திருந்த இவரிடம், “உள்ள போய் நடந்ததை அப்படியே சொல்லிடு. வேற ஒண்ணும் வேணாம். ஆமா, எங்கிட்ட சொல்லு, நீ விக்கலதானே?” என்று கேட்டார். சுற்றி நாலைந்து பையன்கள் நின்றார்கள். அதற்கு முந்தின நிமிஷம்வரை இவரைக் கண்டாலே ஓரமாக நின்று சிரித்தவர்கள், இப்போது ஒரு பெரிய திருடனைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் உதட்டின் ஒரு பக்கத்தை மேலே ஏற்றினார். அந்தச் சிரிப்பு அன்றைக்குத்தான் பிறந்தது.

முதல்வர் அறையில் இவர் வாயே திறக்கவில்லை. திறக்காதவனை என்ன செய்ய முடியும்? சாட்சி இல்லாததால் விட்டுவிட்டார்கள். ஆனால் ‘எங்கம்மா மேல சத்தியம்’ என்று சொன்னவரின் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. குற்றவாளியே மறுக்காதபோது இவன் எதற்காக இவ்வளவு வரிந்துகட்டிக்கொண்டு வந்தான், இவனுக்கும் பங்கு போயிருக்கும் என்றார்கள். மாநில அணித் தேர்வுக்குப் பேர் போகிற நிலையில் இருந்த கேப்டனை யாரும் கூப்பிடவில்லை. அவர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு மாறிப் போய்விட்டார். இவர் அதையும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வேலை பார்க்கும் மின்விசிறிக் கம்பெனிக்கு அப்போது ஒரு பாஸ்கெட்பால் அணி இருந்தது. எங்கள் ஸ்போர்ட்ஸ் ஆபீஸர் அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். இவரை ஆளனுப்பிக் கூப்பிட்டு, “அன்னிக்கு ஓடினியே, உன்னை ஒருத்தனாலயும் பிடிச்சிருக்க முடியாது. எந்தப் பக்கம் ஓடணும்னு நாங்க சொல்லிக்கறோம், நீ வா” என்று வேலை போட்டுக் கொடுத்தார். ஆக, கூடை மாறிப் போட்டதால்தான் வேலை கிடைத்தது என்பது உண்மை. ஊர் அதைக் கேட்டதும், ‘பார்த்தியா, மேட்சை வித்ததுக்குக் கூலி’ என்று முடிச்சுப் போட்டுவிட்டது. இவரும் மறுக்கவில்லை.

கம்பெனி அணியில் ஏழெட்டு வருஷம் நன்றாகவே ஆடினார். காலையில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் வைண்டிங் பிரிவுப் பெண்கள் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்து உட்கார்ந்திருப்போம். இவர்கள் வியர்வையோடு கேன்டீனுக்கு வந்து டீ குடிப்பார்கள். ‘பந்து கோட்டா’ என்று அவர்களுக்கு நாங்கள் பேர் வைத்திருந்தோம். அதில் இவர் ஒருத்தர்தான் குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். மேட்சை விற்ற ஆள் என்று எல்லோரும் குசுகுசுத்தார்கள். எனக்கோ, இவ்வளவு கமுக்கமாக ஒரு தப்பைச் செய்துவிட்டு இவ்வளவு சாதுவாக டம்ளர் கழுவுகிறாரே என்று ஒரு ஆச்சரியம். ஆச்சரியம் கல்யாணத்தில் முடிந்தது.

நான் அவரை மன்னித்தேன். சும்மா இல்லை, பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். சின்ன வயசு, வீட்டில் கஷ்டம், யாரோ ஆசை காட்டியிருப்பார்கள் என்று நானே காரணமெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்தேன். சண்டை வரும்போது மட்டும், “மேட்சையே வித்தவர்தானே நீங்க” என்று ஒரு வார்த்தை எடுத்து விடுவேன். உடனே அடங்கிவிடுவார். வீட்டில் எனக்கு இருந்த நல்ல ஆயுதம் அது.

அவருக்கு முழங்கால் போயிற்று. அடுத்து அணியே போயிற்று. கம்பெனி செலவைக் குறைத்தபோது முதலில் வெட்டியது அதைத்தான். இவர் நிரந்தரமாக டெஸ்பாட்ச்சில் உட்கார வேண்டியதாயிற்று. ஆரம்பத்தில் எந்தப் பெட்டி எந்த லாரி என்றுகூடத் தெரியாமல் விழித்தார், தண்டச்சம்பளம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பிடிவாதமாகக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு லாரியும் கிளம்புவதற்கு முன்னால் எந்த ஊருக்கு என்று டிரைவரிடம் இரண்டு தடவை கேட்பார். “ஏணி அண்ணே, நீங்க கேக்கறதுக்குள்ள நான் போயே சேர்ந்திருப்பேன்” என்பார்கள். அவர் அனுப்பிய சரக்கு எதுவும் தப்பான இடத்துக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

குடோன் பொறுப்பாளர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு இவரைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. மேனேஜர் கூப்பிட்டு, “உங்க வேலையில குறை இல்ல. ஆனா சாவி கையில இருக்கிற இடம். நாளைக்கு ஒண்ணு குறைஞ்சா, உங்க பழைய கதையை எடுத்துத்தான் எல்லாரும் பேசுவாங்க” என்றார். நேற்று சேர்ந்த ஒருத்தருக்குச் சாவியைக் கொடுத்தார்கள். இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “செஞ்சதுக்கு அனுபவிக்கிறோம், விடுங்க” என்றேன். ஏதோ சொல்ல வந்தவர், குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன், திருடன் என்ற பேரைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் மகள் உயரத்தில் என் பக்கம். பிடிவாதத்தில் யார் பக்கம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பள்ளிக்கூடத்தில் தானாகவே பாஸ்கெட்பால் ஆட ஆரம்பித்தாள். குள்ளமாக இருந்தாலும் பந்தைக் கொண்டுபோய் உயரமானவர்களிடம் சேர்க்கிற ஆட்டம் அவளுடையது. “எங்கப்பா கம்பெனி டீம் ஆளு” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். இவர் அவளுடைய எல்லா மேட்சுக்கும் போவார், கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்ப்பார். கல்லூரி அணியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் வந்து கோச்சின் பெயரைச் சொன்னாள். அன்றிலிருந்து இவர் மேட்ச் பார்க்கப் போகவில்லை, முழங்கால் வலி என்றார். கோச் வேறு யாருமில்லை, பழைய கேப்டன்தான். உடற்பயிற்சி ஆசிரியராகப் பல இடங்களில் இருந்துவிட்டு அந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

கேப்டன் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னது ஒரு வயசான நடுவர். பயிற்சி ஆட்டம் ஒன்றில், “ஓ, நீ ஏணியோட பொண்ணா? அப்போ எந்தக் கூடைன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டு ஓடும்மா” என்று சிரித்தார். மற்றப் பெண்கள் தோண்டிக் கேட்டார்கள், கதை முழுவதும் வந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து யாரும் அவளிடம் பந்தைத் தரவில்லை. “அவகிட்ட குடுக்காதீங்கடி, யார்கிட்ட வித்திருக்காளோ” என்று ஒருத்தி சொன்னாளாம். இவள் நேராகக் கோச்சிடம் போய் நின்று, “உண்மையா சார்?” என்று கேட்டிருக்கிறாள். அவர், “உங்கப்பாவைக் கேளு. அவர் என்ன சொல்றாரோ அதை எங்கிட்ட வந்து சொல்லு” என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் கேட்டாள். “அப்பா, நீங்க காலேஜ்ல மேட்சை வித்தீங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் அந்தப் பயம். அதற்கப்புறம், நான் வேண்டாத சாமியில்லை, இருந்தும் உதட்டின் ஒரு பக்கம் மேலே ஏறியது. வேண்டுமென்று சிரிக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், முகம் தானாகச் செய்துவிட்டது.

மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்போ உண்மைதான்” என்றாள். “இல்லைன்னு சொல்லுவீங்கன்னு அவளுங்ககிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன்பா. நாளைக்கு ஜெர்சியைக் குடுத்துட்டு வந்துடறேன். இனிமே எனக்கு விளையாட்டு வேணாம்.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “சின்ன வயசுல ஏதோ தெரியாம பண்ணிட்டார், விடுடி” என்றேன். “உனக்கும் தெரியுமா?” என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் எல்லாத் தட்டையும் எடுத்துப்போய்க் கழுவினார். கழுவிய தட்டையே திரும்பக் கழுவினார். நான் பின்னால் போய் நின்றபோது, குழாயைப் பார்த்துக்கொண்டே, “நான் விக்கல” என்றார்.

“என்ன?”

“யார்கிட்டயும் எதையும் வாங்கல. பாதி முடிஞ்சா கூடை மாறும்ங்கிறது மறந்துபோச்சு. அவ்வளவுதான்.”

ஷூ, சணல் கயிறு, குளியலறைக் கதவு, மாடிப்படி எல்லாம் அப்போதுதான் வந்தது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. “அப்போ நான் இத்தனை வருஷமா எதைங்க மன்னிச்சிட்டிருந்தேன்?” என்று கத்தினேன். “அந்தச் சாவி போனப்போகூடச் சொல்லலையே! திருடன்னு சொன்னா பரவாயில்ல, முட்டாள்னு சொன்னா மட்டும் குத்துதா?”

“ஆமா” என்றார். “திருடன்னா ஒரு பயம் இருக்கும். எல்லாரும் சிரிச்சா எங்க போய் நிக்கறது?”

“போய் அவகிட்ட சொல்லுங்க.”

“சிரிப்பா.”

“சிரிக்கட்டும்! இப்ப மட்டும் என்ன, அங்க உட்கார்ந்து பூ தொடுக்கிறாளா? உள்ள அழுதுட்டிருக்கா. நாளைக்கு அவ ஜெர்சியைக் குடுத்துட்டு வந்தா, உங்க மானத்தைக் காப்பாத்த, கேப்டனுக்கப்புறம் இன்னொரு ஆளும் ஆட்டத்தை விட்டதாகும்.”

கதவுக்கு வெளியே போய் நின்றார். கையைத் தூக்கினார், தட்டவில்லை. அன்று முழுக்க அந்தக் கதவுக்கும் நாற்காலிக்கும் நடந்தார். நானும் தட்டச் சொல்லவில்லை, தட்டினால் மறுபடி அந்தச் சிரிப்பு வந்துவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் அரைநாள் லீவு போட்டோம். கல்லூரி மைதானத்துக்கு அவரை நான் கையைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன். சிமென்ட் தரை, வெள்ளைக் கோடுகள், துருப்பிடித்த வளையங்கள். பெண்கள் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் கழுத்தில் விசிலோடு ஒரு குள்ளமான மனிதர், அவர் எதிரே எங்கள் மகள், மடித்த ஜெர்சியை நீட்டிக்கொண்டு. அவர் அதை இன்னும் வாங்கவில்லை.

கம்பி வேலிக்கு வெளியே இவர் கால் நின்றுவிட்டது. நான் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். உள்ளே போய்விட்டார். அவ்வளவு உயரமான ஆள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வந்ததும் பந்து தட்டும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

“நான் மேட்சை விக்கல” என்றார். கேப்டனைப் பார்க்க முடியாமல் மகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். “ஷூ பிஞ்சுடுச்சு. உள்ள உட்கார்ந்து கட்டிட்டிருந்தேன். வெளிய ஓடிவந்தப்போ கூடை மாறினது ஞாபகமே இல்ல. நம்ம கூடைன்னு நினைச்சுத்தான் போட்டேன். போட்டுட்டுக் கையைக்கூடத் தூக்கினேன்.”

ஒரு பெண் ‘க்ளுக்’ என்றாள். பக்கத்திலிருந்தவள் அவளை அடக்கப்போய்த் தானும் சிரித்தாள். அவ்வளவுதான், மைதானம் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேவிட்டாள். என் வீட்டுக்காரர் கழுத்திலிருந்து காதுவரை சிவந்து, இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டு நின்றார். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பாதி ஆயுசை ஒளிந்து கழித்திருந்தார். எனக்கு அந்தப் பிள்ளைகளை நாலு அறை விடலாம் போலிருந்தது. ஆனால் அது கெட்ட சிரிப்பில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே ஓய்ந்துபோயிற்று. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஸாரி அங்கிள்” என்றாள். மகள் முகத்திலும் சிரிப்பு எட்டிப்பார்த்தது. ஜெர்சியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

“இதுக்கா?” என்றாள். “இதைச் சொல்றதுக்காப்பா இவ்வளவு நாள்?”

பரவாயில்லை, பிழைத்தோம் என்று நான் மூச்சு விட்டேன்.

கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. “எனக்குத் தெரியும்டா” என்றார்.

இவர் திரும்பினார்.

“அன்னிக்கே தெரியும். கையைத் தூக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சியே, ‘எப்படி?’ன்னு கேக்கற மாதிரி. மேட்சை வித்தவன் அப்படிச் சிரிக்க மாட்டான். அதை வச்சுத்தான் நான் எங்கம்மா மேல சத்தியம் பண்ணேன். வெளிய வந்து உன்கிட்ட கேட்டேன். அத்தனை பேர் பார்த்துட்டிருந்தாங்க. நீ வேற ஒரு சிரிப்பு சிரிச்சே.”

“டேய், நான்...”

“முட்டாள்னு ஒரு வாரம் சிரிச்சிருப்போம். நானும் சேர்ந்துதான் சிரிச்சிருப்பேன். அப்புறம் மறந்திருப்போம். நீ திருடனா நின்னே. சரி, அது உன் இஷ்டம். என்னையும் பக்கத்துல நிக்க வச்சியேடா. என்னை டிரையலுக்குக் கூப்பிடலைன்னு தெரிஞ்சப்போகூட நீ வாயைத் திறக்கல. பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன், கட்டில்ல உட்கார்ந்து பார்த்துட்டிருந்தே. இன்னிக்குக்கூட உன் பொண்ணுக்காகத்தான் வந்திருக்கே, எனக்காக வரல.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, விசிலின் கயிற்றைக் கழுத்தில் சரிசெய்துகொண்டார். என் வீட்டுக்காரர் “மன்னிச்சிடுடா” என்று சொன்னார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. கேப்டன் பெண்களைப் பார்த்து, “போங்க, ஆரம்பிங்க” என்றார்.

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது. “சாருக்காகக்கூடச் சொல்லலையாப்பா?” என்றாள்.

அவர் இல்லையென்று தலையை அசைத்தார்.

அவள் ஜெர்சியை விரித்துத் தலை வழியாகப் போட்டுக்கொண்டாள். இழுத்து விட்டுக்கொண்டாள். விளையாடப் போகிறாள், அந்த மட்டும் ஜெயித்தாயிற்று என்று நான் நினைத்தேன். இரண்டடி போனவள் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

“நீங்க மேட்சையே வித்திருந்தாக்கூடத் தேவலைப்பா.”

“ஆமாம்மா” என்றார் அவர்.